பட் நம்பர் 17

போகிக்கு முந்தின நாள் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது என்னுடைய பழைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு கையில் வந்தது. எரிக்கிற மூட்டையில் போடப் போனவன் சும்மா ஒரு தடவை உதறினேன். மடித்த தாள் ஒன்று விழுந்தது. சின்ன வயதில் நாலணாவை அடியில் வைத்து மேலே தாளை விரித்துப் பென்சிலால் தேய்ப்போமே, அந்த மாதிரி தேய்த்து எடுத்த பிரதி. கறுப்பும் சாம்பலுமாகக் கிடந்த தேய்ப்புக்கு நடுவே ஒரு கிரீடம், சில ஆங்கில எழுத்துகள், ஒரு வருடம், ஒரு நட்சத்திரம். கீழே என் கையெழுத்தில் 'பட் நம்பர் 17'.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு பட் நம்பர் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துப்பாக்கியின் கட்டையில், தோளில் பதிகிற பின்பகுதிக்கு பட் என்று பெயர். அதில் பெயின்ட்டால் ஓர் எண் எழுதியிருக்கும். துப்பாக்கியின் உண்மையான தொழிற்சாலை எண் வேறு, அது இரும்பில் வெட்டியிருக்கும். ஆனால் பரேடு நாளில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கும்போது கேட்பது பட் நம்பரைத்தான். மறந்தால் திட்டு விழும். முப்பது வருடம் கழித்தும் எனக்கு என் முதல் சம்பளம் எவ்வளவு என்று சரியாக நினைவில்லை, 17 நினைவிருக்கிறது.

1990களின் தொடக்கம். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பரேடு முடிந்தால் இரண்டு புரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும் என்பதற்காகவே பாதிப் பேர் சேர்ந்திருந்தோம். எங்களுக்குக் கொடுத்தது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 அங்குலத் தோட்டா போடும் பழைய பிரிட்டிஷ் ரைஃபிள். சுடுகிற துப்பாக்கி இல்லை, டிபி ரைஃபிள். ட்ரில் பர்ப்பஸ், அதாவது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். சுடும் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கி, மறுபடி யாரும் தோட்டா போட்டுவிடாதபடி முடக்கி வைத்தது. எங்களுடையவற்றில் கட்டையைச் சுற்றி வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். எடை மட்டும் குறையவில்லை, கிட்டத்தட்ட 4 கிலோ.

எங்கள் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது ராணுவத்திலிருந்து வந்த பயிற்சியாளர், ஒரு ஹவில்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் எதிரில் ஒருநாள் 17-ஐக் கீழே போட்டுவிட்டேன். தோளிலிருந்து இறக்கும்போது கை வழுக்கியது, சிமென்ட் தரையில் படார் என்று விழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என்னைக் கீழே போட்டிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டார் என்று தோன்றியது. "டேய், இது பர்மா பார்த்த துப்பாக்கிடா. ஜப்பான்காரனைச் சுட்டது. நீ தரையில போடுறியா?" துப்பாக்கியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினேன். அது போதாது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோத்தில் உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கும் வேலை. கோத் என்றால் ஆயுத அறை. எண்ணெய் வாசனை, இருட்டு, சங்கிலி கோத்து நிற்கும் வரிசை.

அங்கே உட்கார்ந்துதான் இந்தத் தாளைத் தேய்த்தேன். பர்மா என்ற சொல் மண்டைக்குள் ஏறிவிட்டிருந்தது. பட்டின் முனையை மூடும் பித்தளைத் தகடான பட் பிளேட்டுக்குப் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே, இதை வைத்திருந்தவன் யார், எந்தக் காட்டில் நின்றான் என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். அப்போது தெரிந்துகொள்ள வழியில்லை. இப்போது, இந்த ஆறு மாதமாக, அந்தத் தாளோடும் பழைய துப்பாக்கிகளின் படங்களோடும்தான் என் இரவுகள் போயின. வீட்டில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

முதலில் கிரீடம். த்ரீ நாட் த்ரீ வகையில் அடையாளம் தேட வேண்டிய முதல் இடம், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, பட் கட்டை இரும்புக்குள் நுழைகிற வளையத்தின் வலப்பக்கம். துப்பாக்கிக்கு ஜாதகக் கட்டம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். என் தாளில் இருப்பது அந்தக் கட்டம்தான். கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர்., அதாவது ஜார்ஜ் மன்னர். அதற்கும் கீழே பி.எஸ்.ஏ. கம்பெனி. பிறகு 1916. அதன் கீழே எஸ்.எச்.டி. எல்.இ. என்று ஐந்து எழுத்து. கடைசியில் மூன்று ரோமன் கோடுகளும் ஒரு நட்சத்திரமும்.

பி.எஸ்.ஏ.வைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருந்த சைக்கிள் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரை அறியாத நடுத்தரக் குடும்பம் இருக்க முடியாது. ஆனால் பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1861இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கி செய்கிறவர்கள் பதினான்கு பேர் கூடித் தொடங்கிய கம்பெனி. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பின்னால் வந்தவை. அந்தக் கம்பெனியின் முத்திரையே மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய படம். போதாக்குறைக்கு, நம் ராணுவத்தில் த்ரீ நாட் த்ரீக்கு அடுத்து வந்த துப்பாக்கியின் பெயரும் எஸ்.எல்.ஆர். காலேஜுக்கு சைக்கிளில் போய்த் துப்பாக்கி வாங்கி நின்ற என் காலுக்கும் தோளுக்கும் ஒரே கம்பெனிப் பெயர்தான் என்பது அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

எஸ்.எச்.டி. என்பது ஷார்ட். குட்டை லீ என்ஃபீல்டு. லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, போல்ட்டும் தோட்டாப் பெட்டியான மேகசினும் அவர் யோசனை. என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர். முன்பெல்லாம் காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டைத் துப்பாக்கி என்று இரண்டு செய்துகொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களிடம் போரில் பட்ட பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் ஒன்றே போதும் என்று குழலில் 5 அங்குலம் குறைத்து 1902இல் இந்தக் குட்டை ரகத்தை ஏற்றார்கள். அதன் மூன்றாம் மார்க், அதாவது மூன்றாவது திருத்த வடிவம், 1907இல் வந்தது. தாளில் உள்ள மூன்று கோடு அதுதான்.

நட்சத்திரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த குறி. அழகுக்கு வைத்த நட்சத்திரம் போலத் தெரியும். உண்மையில் அது சிக்கனத்தின் குறி. மூன்றாம் மார்க் துப்பாக்கியில் நுணுக்க வேலை அதிகம். மேகசினை மூடித் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வைக்கும் ஒரு தகடு, 2,000 கஜத்துக்கு அப்பால் கும்பலாகச் சுடுவதற்கென்று பக்கவாட்டில் தனியாக ஒரு குறிவட்டு. முதல் உலகப் போர் பதுங்குகுழிச் சண்டையாக மாறிய பிறகு இவற்றை யார் தொடப்போகிறார்கள்? தினம் ஆயிரக்கணக்கில் துப்பாக்கி வேண்டும். 1916 ஜனவரியில் இவற்றைக் கழற்றிவிட்ட எளிய வடிவத்துக்கு அனுமதி கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தார்கள். ஆக, என் 17 அந்த அவசரத்தின் முதல் வருடத்துப் பிள்ளை.

இந்த வருடம் ஒன்றே சில கதைகளை வெட்டிவிடும். 1914இல் இந்தியத் துருப்புகள் பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கியபோது பழைய துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டுப் புது ரகம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இந்தியக் காலாட்படை 1915 முடிவில் பிரான்சை விட்டுக் கிளம்பிவிட்டது. எனவே பிரான்சின் நவ் ஷப்பேல் சண்டையில் நம் ஆட்கள் பிடித்திருந்த துப்பாக்கி இது என்று யாராவது சொன்னால் கையைக் காட்டி நிறுத்திவிடலாம். மெசபடோமியாவில் கூட் நகரம் முற்றுகையில் விழுந்தது 1916 ஏப்ரலில், அதுவும் இதற்குப் பொருந்தாது. 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தபோது? காலம் ஒத்துப்போகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற நம் பொறியாளர் படை அந்தப் போர்முனையில் இருந்தார்கள். ஆனால் காலம் ஒத்துப்போவது வேறு, அங்கே இருந்தது வேறு. பெண் பார்க்கப் போன இடத்தில் நட்சத்திரம் பொருந்திவிட்டதால் கல்யாணம் நடந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

சரி, இரும்பில் வெட்டிய தொழிற்சாலை எண் இருக்கிறதே, அதை வைத்துத் தேடக்கூடாதா என்று என் மகள் கேட்டாள். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கார் நம்பர் போட்டால் சொந்தக்காரர் பெயர் வருவதுபோல வரும் என்று நினைக்கிறோம். வராது. காரணம் இரண்டு.

ஒன்று, அந்த எண் ஒற்றைத் துப்பாக்கிக்கு உரியதே இல்லை. ஒரு தொழிற்சாலையில் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தொட்டதும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்தை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அப்புறம் அடுத்த எழுத்து. இதே வேலையை என்ஃபீல்டும் செய்தது, பர்மிங்காமும் செய்தது, லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸும் செய்தது, ஆஸ்திரேலியாவில் லித்கோவும் வங்காளத்தில் இச்சாப்பூரும் தங்கள் தங்கள் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தன. எனவே ஒரே எண்ணோடு பல துப்பாக்கிகள் உலகத்தில் இருக்கும். தொழிற்சாலை, வருடம், ரகம், எழுத்து, எண் ஐந்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஓர் ஆள்.

இரண்டாவது, எந்த எண் எந்தச் சிப்பாயிடம் போனது என்று ஒரே இடத்தில் எழுதிவைத்த பேரேடு கிடையாது. அந்தந்தப் படைப்பிரிவின் ஸ்டோரில் கணக்கு இருந்திருக்கும். போர் முடிந்ததும் அந்தக் காகிதத்தை யார் காப்பாற்றுவார்கள்? நான் கோத்தில் போட்ட கையெழுத்துகள் எல்லாம் இப்போது எங்கே? ஐம்பது பைசா டீக்கடைப் பொட்டலமாகப் போயிருக்கும்.

எல்லாத் துப்பாக்கிகளும் இப்படி ஊமை என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் கே 31 என்று ஒரு துப்பாக்கி, பெர்ன் நகரத் தொழிற்சாலை 1933 முதல் 1958 வரை செய்தது. அதன் பட் பிளேட்டை இரண்டு திருகாணி கழற்றித் திறந்தால் பல துப்பாக்கிகளில் உள்ளே ஒரு சீட்டு மடித்திருக்கும். வைத்திருந்தவரின் பெயர், பிறந்த வருடம், படைப்பிரிவு, சிலவற்றில் ஊர் விலாசம். அங்கே ஒவ்வொரு சிப்பாயும் துப்பாக்கியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிற வழக்கம், அதனால் பெயர் எழுதுவது இயல்பு. நாம் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் சீட்டு ஒட்டுவோமே, அதேதான். படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம்முடையதில் அதற்குக் கொஞ்சம் கிட்ட வருவது பித்தளை வட்டு. பட் கட்டையின் வலப்பக்கத்தில் ரூபாய்க் காசு மாதிரி ஒரு பித்தளை வட்டைத் திருகாணி போட்டுப் பதித்திருப்பார்கள். அதில் ரெஜிமென்ட்டின் சுருக்கப் பெயரும் அந்தப் படைக்குள் துப்பாக்கியின் வரிசை எண்ணும் வெட்டியிருக்கும். அது கிடைத்தால் பாதிக் கதை கிடைத்த மாதிரி. ஆனால் நட்சத்திரம் வந்த அதே சிக்கனத்தில் வட்டும் நின்றுபோனது. எதிரி கையில் துப்பாக்கி சிக்கினால் எந்தப் படை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும் என்பதும் அதில் ஒரு நியாயம். என் 17இல் வட்டு இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது, மரத்துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். தோடு கழற்றித் தூர்ந்துபோன காது மாதிரி. அதைக் கட்டைவிரலால் தடவியது நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அது ஏதோ மரத்தின் கணு என்று நினைத்தேன்.

அந்த ஓட்டையையும் நம்பிவிட முடியாது. ஏனென்றால் பட் கட்டை அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததுதானா என்ற கேள்வி இருக்கிறது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

இந்த வகையில் ஒரே எண்ணைப் பல இடங்களில் வெட்டுவார்கள். உடல் இரும்பில், குழலில், போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், பின்குறித் தகட்டின் அடியில், முன்முனையில் இருக்கும் நோஸ்கேப்பில், அதற்குப் பின்னால் கட்டையின் அடியில். இந்தியாவில் மேகசினிலும் வெட்டுகிற பழக்கம் உண்டு. பிறந்த மேனிக்கு இருக்கும் துப்பாக்கியில் எல்லா இடமும் ஒரே எண்ணைச் சொல்லும். நான் தேய்த்த தாளின் இடதுபக்கம் சின்னச் சின்னதாக இன்னும் மூன்று பதிவுகள் இருந்தன. அப்போது எதற்காக எடுத்தேனோ, புண்ணியமாகப் போயிற்று. போல்ட்டில் ஓர் எண்ணை வெட்டிக் குறுக்கே கோடு அடித்துவிட்டு, பக்கத்தில் உடலின் எண்ணைப் புதிதாக வெட்டியிருக்கிறது. அதாவது இந்த போல்ட் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. வேறு வீட்டிலிருந்து வந்து இந்த வீட்டு இனிஷியல் போட்டுக்கொண்டது.

போல்ட்டை மாற்றுவது பேட்டரி மாற்றுகிற மாதிரி இல்லை. சுடும்போது வெடியழுத்தம் முழுவதையும் தாங்குவது போல்ட்டின் இரண்டு காதுகள். இரண்டும் உடல் இரும்பில் ஒரே சமமாக அமர வேண்டும். ஒன்று அமர்ந்து ஒன்று தூக்கி நின்றால் குறி தவறும், நாளடைவில் இரும்பும் கெடும். ஆகவே ஆர்மரர், அதாவது படையின் துப்பாக்கி பழுதுபார்ப்பவர், உட்கார்ந்து மை தடவிப் பார்த்து, உரசி உரசிப் பொருத்துவார். தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேஜ் வைத்து அளப்பார். எல்லாம் சரியென்றால்தான் பழைய எண்ணுக்குக் கோடு, புதிய எண்ணுக்கு உளி. அந்தக் கோடு ஒரு மனிதனின் அரைநாள் உழைப்பு. அதைச் செய்தவன் பெயரும் எங்கும் இல்லை.

அடுத்த தேய்ப்பு குழலின் அடிப்பகுதியிலிருந்து. அதில் 1916 இல்லை. ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் 43 என்ற எண்ணும். ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிற்சாலை. ஆக, உடல் பர்மிங்காம் 1916, குழல் வங்காளம் 1943. குழல் தேயும் பொருள். சில ஆயிரம் குண்டுகள் போனால் உள்ளிருக்கும் வரித்தடங்கள் மழுங்கும். அரிக்கும் உப்பைக் கக்குகிற அந்தக் காலத்துத் தோட்டாவைச் சுட்டுவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவாமல் விட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அப்போது குழலைக் கழற்றிப் புதுக்குழல் முறுக்குவார்கள்.

மூன்றாவது, தேய்ப்பு இல்லை, நான் பென்சிலில் வரைந்த சின்ன வட்டம். 'இங்கே ஸ்க்ரூ' என்று எழுதியிருக்கிறேன். மேகசினுக்குச் சற்று முன்னால் முன்கட்டையைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரு திருகாணி. துப்பாக்கிக்காரர்கள் இதற்கே இச்சாப்பூர் ஸ்க்ரூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் கட்டை பிளந்துவிடாமல் இருக்க இந்தியாவில் செய்த ஏற்பாடு. உலகத்தில் எந்த மூலையில் பழைய லீ என்ஃபீல்டை எடுத்தாலும், அந்த இடத்தில் திருகாணியைப் பார்த்தால் இது இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். கையில் பச்சை குத்தியதைப் பார்த்து ஊரைச் சொல்வதுபோல.

உடல் ஒன்று, குழல் ஒன்று, போல்ட் ஒன்று, கட்டை ஒன்று என்று நாலு பிறந்தநாள். இதைத் திருவாரூர்க்காரரான என் நண்பரிடம் சொல்லி, அப்படியானால் இதை 1916 துப்பாக்கி என்று சொல்வதே தப்புதானே என்றேன். அவர் அசரவில்லை. "எங்க ஆழித்தேருக்குச் சக்கரமும் அச்சும் இரும்புல திருச்சி பெல்லில் செஞ்சு போட்டாங்க. பிரேக்குகூட ஹைட்ராலிக். தேர் யாருதுன்னு யாராவது கேட்டோமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டமும் ராணுவமும் அவர் பக்கம்தான். உடல் இரும்பில் உள்ள எண்தான் துப்பாக்கியின் எண், மற்றதெல்லாம் உதிரி.

இப்போது பர்மாவுக்கு வருவோம். 1943 குழல் என்றதும் எனக்கு ரத்தம் கொஞ்சம் சூடானது உண்மை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அசாம் எல்லை வரை வந்துவிட்டது. 1944இல் இம்பால், கோஹிமா. இந்திய ராணுவம் போர் முடியும்போது 25 லட்சம் பேராக வீங்கியிருந்தது. அத்தனை பேருக்கும் துப்பாக்கி எங்கே போவது? மூலையில் கிடந்த பழைய உடல்களை எல்லாம் எடுத்துப் புதுக்குழல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். என் 17 அந்த அலையில் மறுபிறவி எடுத்தது என்பது வரை தைரியமாகச் சொல்லலாம்.

அதற்கு மேல்? பர்மாவுக்குப் போயிருக்கலாம். இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில் ஏறியிருக்கலாம். ஒரு ரயில் பாலத்தில் மூன்று வருடம் கொட்டாவி விட்டுக் காவல் நின்றிருக்கலாம். பயிற்சி முகாமில் ரெக்ரூட்டுகள் தரையில் போட்டிருக்கலாம், என்னைப் போல. இந்த நான்கும் இரும்பில் ஒரே மாதிரித்தான் இருக்கும். தொழிற்சாலையும் பரிசோதகரும் ஆர்மரரும் ஸ்டோர்க்காரரும் மட்டும்தான் துப்பாக்கியில் எழுதுகிறார்கள். அம்புக்குறிக்குக் கீழே ஓர் 'ஐ' இருந்தால் இந்திய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் அரசு விற்றுவிட்டது. கிரீடத்துக்குக் கீழே பொடி எண் இருந்தால் இன்னார் சோதித்தார். எல்லாமே அலுவலகக் குறிப்புகள். சண்டை போட்டவனுக்கு உளியும் இல்லை, நேரமும் இல்லை. அவன் எழுதிவைத்திருந்தாலும் அடுத்த முறை கட்டையை மாற்றும்போது விறகாகியிருக்கும்.

டொரண்டோவில் இருக்கும் என் சின்ன மைத்துனர் இதில் எனக்கு எதிர்க்கட்சி. அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு லீ என்ஃபீல்டு இருக்கிறது, நான்காம் நம்பர் ரகம். அது இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியது என்று பெரியவர் சொல்ல, மைத்துனர் வீடியோ காலில் காட்டினார். உடலில் லாங் பிராஞ்ச் என்று வெட்டியிருந்தது. டொரண்டோவின் மேற்கு ஓரத்திலேயே இருக்கிற இடம், போர்க்காலத்தில் அங்கே தொழிற்சாலை இருந்தது, 1941இல் துப்பாக்கி வரத் தொடங்கியது. ஆங்கில 'சி'க்குள் ஓர் அம்பு, அது கனடாவின் சொத்து. குழலை மாற்றியதாகத் தெரியவில்லை. இங்கிலாந்திலிருந்து விற்பனைக்குப் போன துப்பாக்கிகளில் பர்மிங்காம் சோதனைச்சாலை அடிக்கும் முத்திரையோ 18.5 டன் அழுத்தம் என்ற எழுத்தோ எதுவும் இல்லை. செய்த இடத்திலிருந்து சில கிலோமீட்டரில் இன்னும் இருக்கிறது, ஒருவேளை அந்த ஊரைத் தாண்டியதே இல்லையோ என்றேன். மைத்துனர் அதைப் பெரியவரிடம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகான கதை 17க்குக் கொஞ்சம் தெளிவு. இச்சாப்பூர் முத்திரையில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் மலையில் பிடித்திருந்தது பெரும்பாலும் இதே த்ரீ நாட் த்ரீதான். அந்த அடிக்குப் பிறகு ராணுவம் 7.62 மி.மீ. தோட்டாவுக்கும் எஸ்.எல்.ஆருக்கும் மாறியது. இடையில் அதே லீ என்ஃபீல்டு வடிவத்தில் புதுத் தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 என்று இச்சாப்பூர் செய்தது. அதைப் பழைய துப்பாக்கியைத் துளைத்துப் பெரிதாக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. அவை அறுபதுகளில் வலுவான எஃகில் புதிதாகச் செய்தவை. மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், பார்த்ததும் தெரியும். இன்னொரு குழப்பம் போலீஸ் மஸ்கட். பார்வைக்கு அப்படியே த்ரீ நாட் த்ரீ, ஆனால் குழல் .410, உள்ளே வரித்தடம் இல்லை. மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. வெள்ளைக்காரன் காலத்தில் காவலர்களுக்கென்று மாற்றியது. தன் போலீஸ்காரன் கையில் பத்துத் தோட்டா இருப்பதை அவன் விரும்பவில்லை.

ராணுவம் கைவிட்ட த்ரீ நாட் த்ரீகள் போலீசுக்கு வந்தன. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது. இன்னொரு பங்கு என்.சி.சி.க்கு. 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள், 1968இல் விருப்பம்போல என்றார்கள். அந்த ஐந்து வருடத்தில் லட்சக்கணக்கான பையன்களுக்குத் தோளில் வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. கிழட்டுத் துப்பாக்கிகளுக்கு டிபி முத்திரை விழுந்தது. 17க்கு எந்த வருடம் விழுந்தது என்று தாளில் இல்லை, டிபி என்ற இரண்டு எழுத்து மட்டும் கிரீடத்துக்குப் பக்கத்தில் கோணலாக இருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் நேர்த்தியாக இருக்க, அது மட்டும் யாரோ மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அடித்த மாதிரி.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஹவில்தாரைத் தேடினேன். பழைய கேடட் ஒருவன் மூலம் நம்பர் கிடைத்தது. வயது எண்பதை நெருங்குகிறது, குரல் மட்டும் அதே மைதானக் குரல். யாரென்று சொல்லி, போல்ட் அதனுடையது இல்லை, குழல் அதனுடையது இல்லை, பர்மா போனது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை சார் என்று கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

"நான் எங்கடா கண்டேன்? சார்ஜ் எடுக்கும்போது எனக்கு முன்னால இருந்தவர் சொன்னாரு. துப்பாக்கி இத்தனை, ஸ்லிங் இத்தனை, ஆயில் பாட்டில் இத்தனைன்னு எண்ணிக் குடுத்துட்டு, பதினேழை மட்டும் கையில எடுத்து இது பர்மான்னாரு. லெட்ஜர்ல ஏறல. வாயால குடுத்தாரு, நானும் போறப்ப அடுத்தவருக்கு வாயால குடுத்துட்டு வந்தேன்."

அப்புறம், "எந்த வருஷம்னு சொன்னே?" என்றார்.

"1916 சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எங்க அப்பாவுக்கே மூத்தவன். அன்னிக்கு உன்னை எத்தனை ரவுண்டு ஓடவிட்டேன்?"

"பத்து சார்."

"இருபது விட்டிருக்கணும்."